நூறு சதவீதம் பருத்தி

அந்தப் பையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்கிறீர்களா அம்மா? என்னிடம் இரண்டு பை இருக்கிறது. இந்தக் கட்டைப்பையில் நோட்டீஸ், ஐந்நூறு பிரதி. கனம். அது காலடியில் கிடக்கட்டும். இந்த மஞ்சள் பை மட்டும் என் மடியிலேயே இருக்கும். சிங்காநல்லூர் வரைக்கும்தான். பத்தரை மணிக்கு அங்கே பக்கத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை. நான் சாட்சி.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பையில் மேலாக இருப்பது குளிருக்கு உள்ளே போடும் உடுப்புதானே? தம்பிக்கா. போலந்தா? மீன் கம்பெனி, குளிர் அறைக்குள் பெட்டி தூக்கும் வேலை. சரி, சரி. ஒரு முனையை மட்டும் தொட்டுப் பார்க்கலாமா? என்ன துணி என்று டேக்கைப் படிக்க வேண்டியதில்லை, இரண்டு விரல் போதும். முப்பத்தைந்து வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றவன். பருத்தி. கலப்பே கிடையாது. இன்டர்லாக் பின்னல், உள்பக்கம் பிரஷ் போட்டுப் பஞ்சு மாதிரி ஆக்கியிருக்கிறான். நல்ல துணி. நல்ல துணி என்றுதான் சொன்னேன் அம்மா, ஏன் என் முகத்தையே பார்க்கிறீர்கள்?

என் பேச்சு உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதியெல்லாம் நோட்டீஸ் படித்துக் கற்றது, பிறகு நோட்டீஸ் எழுதிக் கற்றது. என் மருமகள் மேகலா சொல்வாள், "மாமா டீ கேட்டாக்கூட மைக்ல கேக்கற மாதிரியே இருக்குதுங்க" என்று. நல்ல பெண். இப்போது பொள்ளாச்சியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், குழந்தையோடு. என்னோடு பேசுவதில்லை.

தோழர் ஆறுச்சாமி என்றால் திருப்பூரில் பழைய ஆட்களுக்குத் தெரியும். உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நூற்று நாற்பது நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட ஒரு பொய் கிடையாது. முதலாளி பொய் சொல்லலாம், அவனுக்கு ஆயிரம் வாய் இருக்கிறது. நாம் ஒரு பொய் சொன்னால் அதோடு முடிந்தது என்று சங்கத்தில் எல்லோருக்கும் வகுப்பெடுத்தவன் நான். இந்தக் காலடியில் கிடப்பது நூற்று நாற்பத்தொன்றாவது.

என் பையன் பெயர் செம்பரிதி. வீட்டில் பரிதி. தண்ணீருக்கு அடியில் இறங்கி வெல்டிங் செய்கிறவன், முங்கி வேலை பார்க்கிறவன். வடக்கே பனிமலை அடிவாரத்தில் ஒரு மின்சார அணை, அங்கே மதகுக் கம்பிகளைச் சரிசெய்யப் போனான். போன மார்கழியில் அங்கேயே இறந்துபோனான். முப்பத்தொரு வயது.

இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மா. எனக்குப் பழகிவிட்டது. கம்பெனி கொன்றது. அதைத்தான் நோட்டீஸில் போட்டிருக்கிறேன். தலைப்பு இதுதான்: 'உடுப்புக் கொடுக்காமல் உயிரைப் பறித்த ஒப்பந்த முதலாளி'. நல்ல தலைப்பு. அச்சகத்துக்காரன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எந்த உடுப்பு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். பல்லடம் தாண்டிவிட்டோமா? அப்படியானால் நேரம் இருக்கிறது.

அந்தக் குளிர்த் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு ஒரு சூட் உண்டு. ரப்பர் மாதிரி. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் அந்தச் சூட் சூடு தராது. பரிதிதான் எனக்கு விளக்கினான். "அப்பா, அது வெறும் ஒறைங்க. உள்ள போடற துணிதான் காப்பாத்தணும். துணிக்குள்ள நிக்கற காத்துதான் சூடு" என்றான். ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்து சொன்னான். தண்ணீர் நாலு டிகிரி. கம்பெனி மூன்று பேருக்கு ஒரே ஒரு உள் உடுப்பு வைத்திருக்கிறது, முழங்கையில் கிழிசல், ஒருத்தன் கழற்றினால் அடுத்தவன் மாட்டிக்கொள்ள வேண்டும். "நானே நெட்ல ஒண்ணு வாங்கிக்கறேங்க" என்றான்.

நான் விடவில்லை. எப்படி விடுவேன்? பாதுகாப்பு உடை தருவது முதலாளியின் கடமை. அதைத் தொழிலாளி தன் கையால் வாங்கிக்கொண்டால் அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து உரிமையை விட்டுக்கொடுத்த மாதிரி. "நீ வாங்கக் கூடாது, நான் மனு எழுதுகிறேன்" என்றேன். "சரிங்கப்பா" என்றான். அவன் எப்போதும் சரிங்கப்பாதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. குளிர் உடுப்பு என்று கடையில் விற்பதெல்லாம் பாலியஸ்டர். அதில் முக்கால்வாசி எங்கள் ஊர்ப் பக்கத்து மில் ஒன்றில் செய்வது. மில்லின் பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் எனக்கு வாய் கசக்கும். தொண்ணூற்று நாலில் அங்கே எழுபத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினோம். நாற்பத்து மூன்று பேரை வெளியே தள்ளினான். கடைசி நாள் வாயில் கூட்டத்தில், கேட்டுக்கு முன்னால் நின்று, அந்த நாற்பத்து மூன்று பேரும் கையை நீட்டிச் சத்தியம் செய்தோம். இந்த மில் துணி எங்கள் உடம்பிலோ எங்கள் பிள்ளைகள் உடம்பிலோ படாது. வாசகம் நான் எழுதியது.

பரிதிக்கு அப்போது இரண்டு வயது. அவன் அம்மா இடுப்பில் இருந்தான். அவன் கையையும் நீட்டிப் பிடித்தாள்.

மற்றவர்கள் எல்லாம் விட்டுவிட்டார்கள். ஒருத்தர் மகன் அந்த மில் டி-சர்ட்டையே மொத்த வியாபாரம் செய்கிறான். நான் விடவில்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் கலப்புத் துணி என்றார்கள். தலைமை ஆசிரியரோடு மூன்று நாள் சண்டை போட்டுப் பருத்தியில் தைத்துப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் கசங்கிப்போகும். பையன்கள் அவனைக் கந்தல் என்று கூப்பிட்டார்களாம். எனக்குத் தெரியாது, அவன் சொன்னதில்லை, பிறகு மேகலாதான் சொன்னாள். துணிக்கடைக்குப் போனால் முதல் வேலையாகக் காலரைத் திருப்பி டேக்கைப் படிப்பான். எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொண்டதே டேக்கில்தான். பெருமையாக இருக்கும் எனக்கு. இப்போதும் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

அதனால் ஒரு பக்கம் மனு, இன்னொரு பக்கம் நானே உடுப்புத் தேட ஆரம்பித்தேன். அவன் முதலாளியிடம் வாங்கும் வரை குளிரில் நிற்கக் கூடாதே. மூன்று வாரம் அலைந்தேன் அம்மா. உங்கள் தம்பிக்கு நீங்கள் ஒரு கடையில் பத்து நிமிஷத்தில் எடுத்திருப்பீர்கள். நான் பதினாலு கம்பெனி ஏறி இறங்கினேன். ரிப் பின்னல் இழுபடும், வேண்டாம். ஒற்றைப் பின்னல் மெல்லிசு, வேண்டாம். இன்டர்லாக், அதுவும் இரண்டு அடுக்கு. கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். சூட் மேலே அழுத்தும்போது தையல் தோலில் பதியும் என்று பரிதி சொல்லியிருந்தான், அதனால் தையலை எல்லாம் வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். பட்டன் கூடாது, அதுவும் குத்தும். கால் மேலே ஏறிக்கொள்ளாமல் இருக்கப் பாதத்துக்கு ஒரு பட்டி. நானே வெட்டினேன். கை நடுக்கம் வந்து ஏழு வருஷம் ஆகிறது, அன்றைக்கு நடுங்கவில்லை.

தைத்தது தோழர் பழனாத்தாள். அந்த நாற்பத்து மூன்றில் ஒருத்தி. மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏனுங்க தோழர், தண்ணியில நனைச்சுப் பாத்தீங்களா? பருத்தி தண்ணி குடிக்குமுங்களே."

"தண்ணீரே புகாத சூட்டுக்குள் போடுவது. இதை எதற்கு நனைக்க வேண்டும்?" என்றேன்.

"வேர்க்குமுங்களே."

"நாலு டிகிரியில் யாருக்கு வேர்க்கும்?"

அவள் சிரித்துவிட்டு, "உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுங்களா" என்று மறுபடி மெஷினை மிதித்தாள்.

சோதிக்காமல் அனுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தவர் ஒருவர் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஐஸ் பாளங்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேப்பர் படித்தேன். வெளியே வந்தபோது அக்குளில் வெதுவெதுப்பாக இருந்தது. "எஸ்கிமோவே வெளிய வாங்க" என்று அங்கே எல்லோரும் கேலி செய்தார்கள். அறுபத்தெட்டு வயசுக்காரன் எனக்கே குளிரவில்லை.

உட்கார்ந்திருந்தேன். ஆமாம். உட்கார்ந்துதான் இருந்தேன்.

பொதி கட்டி அனுப்பினேன். உள் கழுத்தில் பழனாத்தாள் சிவப்பு நூலில் 'பரிதி' என்று தைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில் நான் ஒரு டேக் வைத்தேன். நூறு சதவீதம் பருத்தி. அவன் படிப்பானே என்று.

மனு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்களா? மனு ஜெயித்துவிட்டது அம்மா. என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் ஒரு மனு ஜெயித்ததில்லை. நாற்பதே நாள். இங்கே முதலாளிகள் நூறு தரம் எழுதினாலும் அசைய மாட்டார்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள் நான் சட்டப் பிரிவு எல்லாம் போட்டு எழுதியதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று புது உடுப்பு, பெட்டியோடு.

ஆமாம். கொடுத்தார்கள்.

நோட்டீஸில் அப்படி இல்லை என்கிறீர்கள். இல்லைதான். கேளுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பரிதி போன் செய்தான். குரலில் சிரிப்பு. "அப்பா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. புதுசு வந்துருச்சுங்க. ரூபன் அண்ணன் இப்பத்தான் கையில குடுத்தாரு." ரூபன் என்பது அவர்கள் மேற்பார்வையாளர், தூத்துக்குடிக்காரர், இவன் கீழே இறங்கினால் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகு கேட்டான்: "இப்ப ரெண்டு இருக்குதுங்க. நீங்க அனுப்புனது ஒண்ணு, இது ஒண்ணு. நாளைக்கு மதகுக்கு எறங்கறேன். எதைப் போடட்டுங்க?"

நான் என்ன கேட்டேன் என்றால், "டேக்கில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

படித்தான். மில்லின் பெயரை முழுதாகப் படித்தான். அதே மில்.

நான் போடாதே என்று சொல்லவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் அம்மா. ஒரு வார்த்தை, போடாதே என்று, நான் சொல்லவில்லை. வளர்ந்த பிள்ளை, குழந்தைக்குத் தகப்பன், அவனுக்கு நான் கட்டளை போட முடியுமா? "உன் இஷ்டம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"சரிங்கப்பா" என்றான்.

சூலூர் வந்துவிட்டதா? இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள். ஆமாம், நான் இன்னும் இருக்கிறேன்.

மறுநாள் நடந்ததை ரூபன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதகுக் கம்பியில் ஒரு பெரிய மரம் சிக்கிக் கிடந்ததாம். பரிதி அதை முக்கால் மணி நேரம் அறுத்தான். அந்தத் தண்ணீருக்குள்ளும் வேர்த்து ஊற்றியிருக்கிறது. மணிக்கட்டு வழியாகவும் கொஞ்சம் கசிந்திருக்கிறது, கருவி பிடித்து வேலை செய்தால் அது எல்லோருக்கும் கசியுமாம். பிறகு மரத்தைத் தூக்க மேலேயிருந்து சங்கிலி வருவதற்காகக் காத்திருந்தான். இன்னொரு முக்கால் மணி நேரம், அசையாமல். மேலே இருப்பவரோடு பேசிக்கொள்ள ஒரு போன் கம்பி உண்டு. ரூபன், "ஏல பரிதி, குளிருதா? மேல வாறியா?" என்று கேட்கக் கேட்க, இவன் "பரவால்லண்ணா, பரவால்லண்ணா" என்றிருக்கிறான். பிறகு நாக்குக் குழறியிருக்கிறது. டீ ஆறிவிட்டதா என்று கேட்டானாம். யாரும் டீ போடவில்லை. உடனே தூக்கிவிட்டார்கள். தூக்கும்போது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் மலைப்பாதையில் இரண்டு மணி நேரம்.

கம்பெனி ஒரு டாக்டரை வைத்திருக்க வேண்டுமா இல்லையா? ஒரு சூடான அறை? அதெல்லாம் உண்மை. அதை எல்லாம் நோட்டீஸில் போட்டிருக்கிறேன். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

காரியம் முடிந்த அன்று மேகலா என்னிடம் வந்தாள். குழந்தை தோளில். "மாமா, அதுக்கு முந்தின நாள் அவரு உங்களுக்குப் போன் பண்ணினாராமா. என்னங்க கேட்டாரு?" என்றாள்.

"பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்" என்றேன்.

மறுநாள் காலையில் பொள்ளாச்சிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளும் அதே டேக் விவகாரத்தைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

தை மாசம் ரூபன் வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கையில் இந்த மஞ்சள் பை. என்னிடம் சொன்னது இதுதான்: "ஐயா, கம்பெனில புது உடுப்பு அனுப்புனோம்னு காட்டுதாம். அத ரூபன்தாம் ஸ்டோர்ல பூட்டி வச்சிக்கிட்டாம், பையனுக்குக் குடுக்கலன்னு எம்மேல எழுதிட்டாம். சான்றிதழப் பிடுங்கிருவாம், கேசும் போடுவாம். நா குடுத்தேம்யா. போடச் சொன்னேம். 'எங்கப்பா அனுப்புனது இருக்குண்ணா'ன்னுட்டாம். போன்ல உங்ககிட்டச் சொல்லிருக்காம்ல, புதுசு கைக்கு வந்துட்டுன்னு. அத மட்டும் நீங்க விசாரணையில சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீ கம்பெனிக்காரன் ஆள்" என்றேன். "சூட்டில் ஓட்டை இருந்தது, அதை மறைக்க வந்திருக்கிறாய்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஓட்டை இல்லய்யா. நாந்தாம் அவன் உடம்புல இருந்து அத உரிச்சேம். பிழிஞ்சேம். அவ்வளவு தண்ணி" என்று சொல்லிவிட்டு, பையை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

யோசித்துப் பாருங்கள். நான் உண்மையைச் சொன்னால் முதலாளி என்ன சொல்வான்? நாங்கள் கொடுத்தோம், தொழிலாளி போடவில்லை, தொழிலாளி மேல்தான் தப்பு என்பான். என் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவான். அதற்கு நானே வாய்ப்புக் கொடுப்பதா? அதனால்தான் நோட்டீஸில் உடுப்பே வரவில்லை என்று எழுதினேன். ரூபனையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். வராத உடுப்பை ரூபன் எப்படிப் பூட்டி வைப்பார்? கணக்குச் சரியாக வந்தது. ஆனால் கம்பெனி ரசீது வைத்திருக்கிறது. ரூபன் கையெழுத்துப் போட்டு வாங்கின ரசீது. அதைக் காட்டியதும் என் நோட்டீஸ் கிழிந்துவிடும், ரூபன் மாட்டிக்கொள்வார். அது எனக்கு அச்சடிக்கும்போதே தெரியும்.

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நேற்று எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 'ஐயா, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நிக்கேன், சேந்தே போவோம்.' அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நேராக நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

இந்தப் பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். துவைத்து அயர்ன் போட்டு வைத்திருக்கிறேன். துவைக்கும்போது ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன் அம்மா. ஒரு வாளியையும் குடித்துவிட்டது. தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பிழிந்தேன். வந்துகொண்டே இருந்தது. கொடியில் போட்டால் மூன்று நாள் காயவில்லை. தை வெயிலில். நான் மூன்று நாளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெளியே காய்ந்திருக்கும், அடுக்குக்கு உள்ளே சில்லென்று இருக்கும். பழனாத்தாள் ஒரு தரம் வந்து பார்த்தாள். என் கையை அதிலிருந்து எடுத்துவிட்டாள்.

நான் உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன்.

முப்பது வருஷம் ஒரு பிள்ளைக்கு டேக் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, டேக்கைக் கேட்டுவிட்டு, உன் இஷ்டம் என்றேன்.

அது ஒண்டிப்புதூர் பாலமா? அப்படியானால் அடுத்தது நான் இறங்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு எடுத்தீர்களே, அதைக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். அவன் சும்மா உட்காரப் போவதில்லை. பெட்டி தூக்குவான், வேர்க்கும், பிறகு நிற்பான். உள்ளே தோலை ஒட்டிப் போடுவது பருத்தி வேண்டாம். பாலியஸ்டர் கேளுங்கள், அதற்கு மேல் கம்பளி. எந்த மில் என்று பார்க்க வேண்டாம். எந்த மில்லாக இருந்தாலும் சரி. பருத்தி வேண்டாம் அம்மா. இதை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

அதோ, டீக்கடை ஓரமாக நிற்கிறாரே, நீலச் சட்டை, அவர்தான் ரூபன். மெலிந்துபோயிருக்கிறார். பஸ்ஸைத்தான் பார்க்கிறார். என்னைப் பார்த்துவிட்டார்.

இல்லை அம்மா, அந்தக் கட்டைப்பையை எடுத்துத் தர வேண்டாம். நோட்டீஸ்தானே, அது கிடக்கட்டும். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தூக்கிப் போட்டுவிடுவார். எனக்கு இந்த மஞ்சள் பை போதும். இதில்தான் டேக் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, யார் வெட்டியது என்று கேட்டால் நான் என்று சொல்ல வேண்டும். போனில் அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், அதையும் சொல்ல வேண்டும். டாக்டர் இல்லாததையும் சொல்வேன், ஜீப்பையும் சொல்வேன், விட மாட்டேன். ஆனால் இதை முதலில்.

கொஞ்சம் கையைக் கொடுங்கள், எழுந்துகொள்கிறேன்.

உங்கள் தம்பி அங்கே போய் ஒரு நாள் போன் செய்வான். அக்கா, எதைப் போடட்டும் என்று கேட்பான். அவனுக்கே தெரியும், ஆனாலும் கேட்பான். உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.